ஹாப்டே ஓட்டிய டாங்கி

ஹாப்டே வீட்டு ஆண்களுக்கெல்லாம் ஒரே குதிரைப் படை ரெஜிமெண்ட்தான். அப்பா அங்கே குதிரைக்கு லாடம் அடித்தவர். தாய்மாமன் ஆல்பர்ட் எக்காளம் ஊதியவர். பெரியப்பா மகன் ஒருவன் குதிரை உதைத்து முன்பல் போனவன். எர்னி ஹாப்டேயும் மீசை முளைத்ததும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். சில வருஷத்தில் குதிரைகளை வாங்கிக்கொண்டு டாங்கிகளைக் கொடுத்துவிட்டார்கள். குதிரையை ஒப்படைத்த அன்று அழுதவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் ஜெர்மன்காரனோடு சண்டைக்கு லிபியா பாலைவனத்துக்கு வந்து சேர்வதற்குள், அவரைப் போல டாங்கி ஓட்ட அந்த ரெஜிமெண்டில் ஆளில்லை என்று பேராகிவிட்டது.

குதிரைப் படையில் ஒரு வழக்கம். எங்கே நின்றாலும் முதலில் குதிரைக்குத் தண்ணீர், அப்புறம்தான் மனுஷனுக்கு. ஹாப்டே அதை டாங்கிக்கும் வைத்துக்கொண்டார். ரேடியேட்டர் நிறைந்த பிறகுதான் தேநீருக்கு நெருப்பு மூட்ட விடுவார். அந்த குரூசேடர் டாங்கியின் தண்ணீர்ப் பம்பு எப்போதும் ஒழுகும். அதனால் அந்த வழக்கம் நல்லதாகவே பட்டது.

அதே டாங்கியில் பீரங்கி சுடும் பின்னக் மட்டும் கேலியை விடமாட்டான். “ஏ லாடக்காரா, அதுக்குக் கொஞ்சம் கொள்ளும் வைக்கிறதுதானே?”

“வைப்பேன். நீ தின்னது போக மிச்சமிருந்தா வைப்பேன்.”

அன்று காலை எதிரியின் பீரங்கிகள் மறைந்திருந்த மேட்டில் போய் மாட்டிக்கொண்டார்கள். வெளியே கட்டியிருந்த தண்ணீர்த் தகர டின்னெல்லாம் குண்டு பட்டுக் கிழிந்துபோயிற்று. ரேடியோவும் செத்தது. புழுதிக்குள் பின்வாங்கி, ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றார்கள். எஞ்சினிலிருந்து ஆவி சீறியது. ஹாப்டே குதித்து இறங்கினார். ஜெர்மன்காரனிடமிருந்து பறித்த கெட்டியான தண்ணீர்க் கேன் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. கை பழகிய வேலை. யாரையும் கேட்காமல், கடைசிச் சொட்டுவரை ரேடியேட்டரில் கவிழ்த்துவிட்டார்.

அப்போதுதான் டாங்கியின் தலைவரான சார்ஜெண்ட் டான்ஸ்லி மேலேயிருந்து கத்தினார். “எர்னி! தண்ணி கொண்டா! பின்னக்குக்குத் தொடையில பட்டிருக்கு!”

ஹாப்டேயின் கையில் வெறும் கேன். அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

“எல்லாத்தையுமா ஊத்திட்ட?”

“ஆமா சார்ஜெண்ட்.”

“அட பாவி! அடிபட்டதை இவனும் இவ்வளவு நேரம் சொல்லவே இல்லையே!”

உள்ளேயிருந்து பின்னக் முனகினான். “நான் என்ன குதிரையா, எனக்கு முதல்ல ஊத்த?”

தொடையை இறுக்கிக் கட்டியும் ரத்தம் முழுக்க நிற்கவில்லை. டாக்டர் இருக்கும் லாரி கிழக்கே வெகு தூரம். சீக்கிரம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் பின்னக் பிழைக்க மாட்டான் என்று அவனையும் சேர்த்து மூன்று பேருக்கும் தெரியும். ஹாப்டே போய், ரேடியேட்டரிலிருந்து ஒரு குவளை இறக்கினார். துருவும் எண்ணெயும் கலந்த கொதிநீர். துணியில் வடிகட்டி, காற்றில் ஆற்றி, பின்னக்கின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்.

“தூ! லாயம் கழுவின தண்ணி இதைவிடத் தேவலடா.”

“குடி. திட்டுறதெல்லாம் அப்புறம் திட்டிக்கோ.”

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போவதற்குள் சூடு ஏறியது. ஹாப்டே காற்று வரும் பக்கம் திருப்பி நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து போட்டார்.

“எதுக்குடா நிறுத்துற? ஆள் சாகக் கிடக்கான்!”

“இப்ப விரட்டினா எஞ்சின் இறுகிப் போயிரும் சார்ஜெண்ட். அப்புறம் இவனை நாம தோள்ல சுமக்கணும். அதுவரைக்கும் உசிரு தாங்காது.”

டான்ஸ்லி பல்லைக் கடித்துக்கொண்டு பின்னக்கின் கட்டை அழுத்திப் பிடித்தார். மூச்சிரைக்கும் குதிரையை நடத்திக் கூட்டிப்போவது போல, ஓடுவதும் ஆறுவதுமாகக் கொண்டுபோனார் ஹாப்டே. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பின்னக் இன்னும் திட்டுகிறானா என்று காது கொடுப்பார். கடைசியில் திட்டு நின்றுபோயிற்று. அதன் பிறகும் அவர் வேகத்தைக் கூட்டவில்லை. அந்த நெஞ்சுரம்தான் பின்னக்கைக் காப்பாற்றியது என்று டான்ஸ்லி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் லாரியின் பக்கத்தில் போய் நின்றபோது பின்னக்குக்கு நாடி இருந்தது. பிற்பாடு கால் கொஞ்சம் விந்தினாலும் உயிர் தங்கியது. சண்டை முடிந்ததும் ஹாப்டேயின் மனைவிக்குச் சித்தப்பா மகள் டாலியைக் கட்டிக்கொண்டு சொந்தக்காரனும் ஆகிவிட்டான்.

ஹாப்டே அதற்கப்புறமும் ரேடியேட்டருக்குத்தான் முதல் தண்ணீர் ஊற்றினார். ஆனால் கேனைத் தொடுமுன் டாங்கியின் பக்கவாட்டில் தட்டி, உள்ளே இருக்கும் ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எல்லாரும் குரல் கொடுத்த பிறகுதான் மூடியைத் திறப்பார்.