உள்ளங்கை உரிந்தபோது

டாக்டர் எனக்குப் போட்டுவந்த ஊசிகள் பாதி முடிந்திருந்தபோது உள்ளங்கையில் அரிப்பு தொடங்கியது. பிறகு தோல் தாள் தாளாக உரிந்தது. மேல்விஷாரத்தில் தோல் மண்டி ஆளுக்கு இப்படி வந்தால் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியின் வேலை என்பார்கள். நான் தொட்டிப் பக்கமே போகாத குமாஸ்தா. ஆகவே ஊர் அடுத்ததைச் சொன்னது: குஷ்டம்.

விருந்தில் நாலு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்பது எங்கள் வழக்கம். அந்த வாரம் ஒரு விருந்தில் என் தட்டுக்கு யாரும் வரவில்லை. என் மகளைத் தம் மகனுக்குப் பேசி வைத்திருந்த ராணிப்பேட்டைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வேறு தட்டுக்கு நகர்ந்தார். குஷ்டமில்லை என்று டாக்டர் சொன்னால்தான் நிக்காஹ் என்று மறுநாள் சொல்லியனுப்பினார்.

நான் போட்டுக்கொண்டது மேகநோய்க்கு (தகாத சேர்க்கையால் தொற்றுவது) உரிய பாஷாண (ஆர்சனிக்) ஊசி. தோல் வாங்க வெளியூர் போன இடத்தில் நானே தேடிக்கொண்ட நோய் அது. ரத்தம் சுத்தமாவதற்கு ஊசி என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

ஊசி போட்டுவந்த வேலூர் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊசியால இப்படி ஆகி நான் பார்த்ததில்ல, பாய். உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. அலமாரியில பழைய வைத்தியப் பத்திரிகை இருக்கு, தேடிப் பாருங்க."

வெள்ளிக்கிழமை மண்டி விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வேலூர் போய்விடுவேன். அந்த ஊசியால் வந்த ஜுரம், வாந்தி, காமாலை எல்லாம் அந்தப் பக்கங்களில் இருந்தன. என் கை மட்டும் அகப்படவில்லை. சலித்துப்போன ஒரு வெள்ளிக்கிழமை அகப்பட்டது: பாஷாண ஊசிக்குப் பின் உள்ளங்கையும் உள்ளங்காலும் உரிந்த ஒருவரின் விவரம். பரீட்சையில் தேறியவனைப் போலத் துள்ளிக்கொண்டு டாக்டரிடம் காட்டினேன்.

"இதேதான். இனி இந்த ஊசி வேணாம். சம்பந்திகிட்ட நானே சொல்றேன். ஆனா, எதுக்குப் போட்ட ஊசின்னு கேப்பாரே?"

துள்ளல் அடங்கிவிட்டது. குஷ்டம் என்றாலாவது அல்லாஹ் கொடுத்தது என்று இரக்கப்படுவார்கள். இதற்கு யார் இரங்குவார்கள்? பிறர் சொல்லி மனைவி அறிவதைவிட நானே சொல்வது மேல் என்று அந்தப் பத்திரிகையை இரவல் வாங்கி வந்தேன்.

"வாசிங்க, நானும் கேக்குறேன்" என்றாள்.

தமிழில் சொல்லிக்கொண்டே வந்து நோயின் பெயரை விழுங்கினேன்.

"இன்னா நோய்க்குப் போட்ட ஊசி அது?"

சொன்னேன். என் தலை நிமிரவில்லை. அவள் அழவில்லை, திட்டவுமில்லை.

"அப்ப எனக்கும் வந்திருக்குமா? அதையும் தேடிப் பாத்தீங்களா?"

இல்லை. அத்தனை வெள்ளிக்கிழமையும் என் கையை மட்டுமே தேடியிருக்கிறேன். வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

சம்பந்தியிடம் டாக்டர், குஷ்டமில்லை, மருந்தின் கெடுதல் என்றார். ராணிப்பேட்டைக்காரர் மேலே கேட்கவில்லை. நிக்காஹ் நடந்தது. மனைவியின் ரத்தத்தில் நோய் இருந்தது.

இதே ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குச் சொல்கிறேன்: அரிப்பு கண்டவுடன் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் அதற்கும் முன்பே சொல்லுங்கள்.

என் கையில் புதுத் தோல் வந்துவிட்டது. எப்போது குணமானது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் வேலூர் போகிறோம், அதே ஊசி, அவளுக்கு. திரும்பும் வழியில், "கையைக் காட்டு, பார்க்கிறேன்" என்பேன். அவள் இரண்டு கைகளையும் போர்த்திய துப்பட்டிக்குள் இழுத்துக்கொள்வாள்.