பிளாப்பி டிரைவில் குங்குமம்

கறம்பக்குடியில் அக்கா வீட்டுக்காரர் நடத்திவந்த கம்ப்யூட்டர் சென்டரைக் காலி செய்த அன்று, வாசலில் பழைய இரும்புக்காரர் குட்டியானை வண்டியோடு காத்துக்கொண்டிருந்தார். உள்ளே நான், மச்சான், அவர் முதன்முதலில் வாங்கிய கம்ப்யூட்டர். அக்கா தீர்ப்பைப் போனிலேயே சொல்லிவிட்டாள்: "ஓடுனா வீட்டுக்கு வரட்டும். ஓடலைன்னா வண்டில ஏத்திருங்க."

"அதெல்லாம் ஓட்டிக் காட்டுறேன்" என்று வாயை விட்டவன் நான். ரெண்டு வீடியோ பார்த்தால் விமானத்தையே பிரித்து மாட்டலாம் என்று நம்புகிற ரகம்.

ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்துவிட்டது. பிளாப்பி போட்டால்தான் மெஷின் விழிக்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மச்சான் அந்த டிரைவின் வாயில் பொட்டு வைத்ததில், உள்ளே குங்குமம் கட்டிதட்டிப்போயிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டி வரவழைத்திருந்தேன். அதே இடத்தில் உட்காரும். பென் டிரைவைச் செருகினால், கம்ப்யூட்டர் அதைப் பிளாப்பி என்றே நம்பிவிடும், மச்சான் என்னை மெக்கானிக் என்று நம்பியதைப் போல.

பவர் ஒயரை முள் எண்ணி எண்ணி மாட்டினேன். ஒரு முள் தள்ளி மாட்டினால் பெட்டி கருகிவிடும். கைவசம் வேறு கிடையாது. அடுத்துப் பட்டைக் கேபிள். அதன் சிவப்பு ஓரம் முதல் முள்ளின் பக்கம் வர வேண்டும். பார்த்துப் பார்த்துச் செருகி, பென் டிரைவையும் மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

பெட்டியில் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

"வெளக்கு எரியுதே மாப்ள!"

"இப்புடி எரியக் கூடாது மச்சான். விட்டு விட்டு எரியணும்."

"அண்ணே, ஏத்திரவா? ஆலங்குடி வேற போகணும்" என்று வாசலிலிருந்து குரல்.

"இருய்யா, உசுரு இருக்கு!" என்றார் மச்சான். அவர் குரலில்தான் உயிர் இல்லை.

சுவிட்சை அணைத்துக் கேபிளை உருவினேன். விரலில் சிவப்பு ஒட்டியிருந்தது. கம்பெனியில் போட்ட கோடு கையில் ஒட்டுமா? துண்டால் துடைத்தேன், குங்குமம் போய் ஓரம் சாம்பல் நிறமானது. மறு ஓரத்தில், வெளுத்துப்போய், நிஜக் கோடு.

"எல்லாம் ஒங்க பக்தி மச்சான்."

"பொட்டு வச்சது நான்தான். பொட்டுக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் நீ."

கேபிளைத் திருப்பிப் போட்டுச் செருகினேன். இந்த முறை சுவிட்சை அவரையே போடச் சொன்னேன். கருகினால் பழியில் பாதியாவது குறையுமே. விளக்கு ஒருமுறை சிமிட்டியது. நின்றது. மறுபடி சிமிட்டி, விடாமல் சிமிட்டி, திரையில் எழுத்துகள் ஏறின.

மச்சான் போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கூப்பிட்டார். "ஓடுது."

"ஒங்க ரெண்டு பேரு பேச்சையும் நம்ப மாட்டேன். போனை வண்டிக்காரர்ட்டக் குடுங்க."

இரும்புக்காரர் உள்ளே வந்து, திரையைக் குனிந்து பார்த்தார். "ஓடுதுக்கா," என்றார், மனசே இல்லாமல். "எழுத்தெல்லாம் வருது."

"சரி, வரட்டும். ஓட்டுனவனே மாடி வரைக்கும் தூக்கியாரட்டும்."

இரும்புக்காரர் அந்தக் கனத்த பழைய மானிட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எடை தெரிந்த மனிதர்.