நெல்லுச்சோறும் சேங்கொட்டையும்

கரப்பானை நான் ஒரு நோயாக நினைத்ததே இல்லை. பிறந்த மூன்றாம் மாதம் கன்னத்தில் வந்ததாம். பிறகு கன்னத்தை விட்டு முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் குடிபோய், எனக்கு எட்டு வயதாகும்போது அங்கேயே பட்டா வாங்கிவிட்டது. மார்கழியில் தோல் வறண்டு வெடிக்கும். சித்திரையில் வியர்வை பட்டு எரியும். மற்ற மாதங்களில் சும்மா அரிக்கும்.

ஆனாலும் அதனால் எனக்கு ஒரு பெரிய லாபம் இருந்தது. கரப்பான் பண்டங்கள் என்று வைத்தியர் ஒரு வரிசை சொல்லி வைத்திருந்தார்: கம்பு, சோளம், வரகு, கத்திரிக்காய், கருவாடு. அன்னூர்ப் பக்கத்து மேட்டுக்காட்டில் விளைந்ததும் எங்கள் அடுப்பில் வெந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே வீடு முழுக்கக் கம்மஞ்சோறு தின்னும்போது எனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் தனியாக நெல்லுச்சோறு வெந்தது. நோம்பி நாளில் மட்டும் அரிசியைக் காண்கிற பெரியப்பா பையன்கள் தங்களுக்கும் கரப்பான் வராதா என்று ஏங்கினார்கள். அதில் சின்னவன் தன் முழங்கையை என் முழங்கையோடு வைத்து நாலு நாள் தேய்த்தே பார்த்தான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. பெரியவர்களில் யாராவது அதைக் கவனித்திருந்தால் பின்னால் நடந்த ரகளையில் பாதி நடந்திருக்காது.

கரப்பான் ஏன் வந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் தலைக்கொரு காரணம் இருந்தது. நான் வயிற்றில் இருந்தபோது கத்திரிக்காய் தின்றதால் என்று அம்மா தன்னையே நொந்துகொள்வாள். கிணற்று உப்புத்தண்ணீரால் என்பார் அப்பா. ரத்தத்தில் அழுக்கு என்பார் பெரியப்பா. அவருக்குக் குளிர்காலம் தோறும் இழுப்பு வரும். மூச்சு விட முடியாமல் தலையணையில் சாய்ந்துகொண்டுகூட என் ரத்தத்தைப் பற்றிச் சொல்லுவார்.

காரணம் எதுவும் சொல்லாதவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது பதினெட்டு வயது. பாசிப்பயற்று மாவால் என்னைக் குளிப்பாட்டுவதும், ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுவதும், தூக்கத்தில் சொறிந்துவிடாமல் இருக்க என் கைகளுக்குப் பழந்துணியால் உறை கட்டுவதும் அவள்தான். எனக்கு உலகத்தில் அவளைவிட்டால் ஆள் கிடையாது.

அந்த அத்தைக்குத் தாராபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு நாற்பது வயது, மூத்த சம்சாரம் தவறிப்போயிருந்தாள். ஆனால் அமராவதிப் பாசனத்தில் வயல். பைக்காரா மின்சாரம் கோயமுத்தூர் மில்களுக்கு வந்து சேர்ந்திருந்த காலம் அது. எங்கள் கிணற்றில் இன்னும் எருதுகள்தான் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் என்றதும் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் வாயில் தண்ணீர் ஊறிவிட்டது.

"நாம பொண்ணு குடுக்கறது மாப்பிள்ளைக்கா, வாய்க்காலுக்கா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

அத்தையை யாரும் கேட்கவே இல்லை. சாமியைத்தான் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்கிற வழக்கம் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தை போய் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. அன்றைக்கு எடுத்த குழந்தை நான். வெள்ளைப் பூ வந்தது. ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவளாக அதைக் கையில் உயர்த்திக்கொண்டு அத்தையிடம் ஓடினேன். அத்தை பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாட்டுவண்டிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். தினமும் நெல்லுச்சோறு தின்கிற ஊருக்குப் போகப் போகிறவளுக்கு வேறு என்ன குறை இருக்க முடியும்?

நிச்சயத்துக்காக அத்தைக்குப் புது ரவிக்கைகள் தைத்தார்கள். முதல் வெளுப்பு முடிந்து வந்த ஒன்றைப் போட்ட இரண்டாம் நாள் அவளுடைய பிடரியில் அரித்துச் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் கட்டியது. துணி எடுக்க வந்த வெளுக்கிற அக்கா பார்த்தவுடனே சொல்லிவிட்டாள்.

"இது சேங்கொட்டைங்க அம்மணி. ஒவ்வொருத்தருக்கு ஒத்துக்காதுங்க. மொதல்ல எனக்குந்தான் கையெல்லாம் வெந்துபோச்சு."

துணி மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்கு ஒரு குறி உண்டு. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதில் வருகிற பாலைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் புள்ளி வைப்பார்கள். கறுத்துவிட்டால் எத்தனை வெளுப்புக்கும் போகாது. எங்கள் வீட்டுக் குறி வரிசையாக மூன்று புள்ளி. அத்தை அந்த ரவிக்கையைக் கழற்றிப் போட்டாள். நாலைந்து நாளில் பிடரி ஆறிவிட்டது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியக்கூட இல்லை.

அடுத்த வாரம் துணிமூட்டை கட்டும்போது அத்தையும் அந்த அக்காவும் கிணற்றடியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. அக்கா தன் சுருக்குப் பையிலிருந்து எதையோ எடுத்து அத்தையின் கையில் வைத்தாள். அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எனக்கு?" என்று கேட்டேன். தின்பண்டம் என்று நினைப்பு.

"உனக்கு ஆகாது கண்ணு" என்றாள் அத்தை. எனக்கு ஆகாதவை எத்தனையோ இருந்ததால் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய நாள் குறித்திருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு காலையில் அம்மா கத்தினாள். அத்தையின் காதுக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில், கொப்புளம் நீர் கோத்துப் பளபளவென்று நின்றது. இரண்டு நாளில் அது பரவி, கசிந்து, பக்கு கட்டியது. முகம்கூட ஒரு பக்கம் வீங்கிவிட்டது. படை என்றார் ஒருவர், அக்கி என்றார் ஒருவர். பெரியப்பா மட்டும் யோசிக்கவே இல்லை. விரலை என்னை நோக்கி நீட்டினார்.

"ஒட்டுவாரொட்டி! பொழுதன்னைக்கும் அந்தப் புள்ளயத் தொட்டுத் தடவுனா ஒட்டாம என்ன செய்யும்?"

அன்றிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய். அத்தையைத் தொடக் கூடாது. பெரியப்பா பையன்களும் நாலு முழம் தள்ளியே நின்றார்கள். முழங்கையைத் தேய்த்தவன் எல்லோரையும்விடத் தள்ளி நின்றான். என்னால்தான் அத்தை கழுத்து வெந்தது, என்னால்தான் கல்யாணம் நிற்கப்போகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கொல்லைப் பக்கம் போய் என் முழங்கைகளைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். ரத்தம் வந்ததுதான் மிச்சம். வாழ்க்கையில் அப்படி நான் அழுததில்லை.

அத்தை மட்டும் யார் சொல்லையும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு நேராக என்னிடம் வந்து உட்காருவாள். எல்லோர் கண்ணும் பார்க்க என் தட்டிலேயே கைவைத்து இரண்டு வாய் எடுத்துத் தின்பாள்.

"உன்னால இல்ல கண்ணு. சத்தியமா உன்னால இல்ல" என்பாள்.

"பொறவு யாரால?"

"சோத்தத் தின்னு" என்பாள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து மூன்று பெண்கள் முன்கூட்டியே பார்த்துப் போக வந்தார்கள். அத்தை வழக்கத்துக்கு மாறாகக் கொண்டையைத் தூக்கி முடிந்துகொண்டு, அவர்கள் பக்கம் அந்தக் கழுத்தைத் திருப்பியே மோர் கொடுத்தாள். அவர்கள் மோரைத் தொடவில்லை. அவர்கள் போன நாலாம் நாள் ஆள் வந்து, வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"சாமி உத்தரவு குடுத்துதே" என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"நம்ம சாமி குடுத்துது. அவிய சாமிய ஆரு கேட்டா?" என்றாள் அம்மா.

தனித் தட்டு வைத்த ஒன்பதாம் நாள் எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றிக் கோயமுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார் அப்பா. டாக்டரம்மா கண்ணாடி போட்டவர், வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. முதலில் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அத்தையின் கழுத்தைப் பார்த்தார். நான் மூலையில் பெஞ்சியில் இருந்தேன்.

"துணிக்குறி பட்டதும்மா இது. ஆனா ரவிக்கை இவ்வளவு மேலே ஏறாதே?"

அத்தை தரையைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை?" என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"மூணு தடவைங்க."

"கண்ணில் பட்டிருந்தால் பார்வை போயிருக்கும். இனிமேல் கூடாது."

"இனி வேண்டியதில்லீங்க" என்றாள் அத்தை.

அரிப்பு எத்தனை தடவை எடுத்தது என்று கேட்கிறார் போலும், ஒரு நாளைக்கு மூன்று தடவைதானா, நான் முப்பது தடவை சொறிவேனே என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

அப்பாவை உள்ளே கூப்பிட்டு டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். அத்தைக்கு வந்தது சேங்கொட்டைப் பால் தோலில் பட்டதால் வந்தது. படாமல் இருந்தால் தானே போய்விடும். எனக்கு இருப்பது அதுவல்ல, பிறவியிலேயே தோலின் சுபாவம். வறட்சியும் வியர்வையும் அதைக் கிளப்பும், எண்ணெய் அடக்கும். இரண்டும் யாருக்கும் ஒட்டாது.

"குடும்பத்தில் யாருக்காவது இழுப்பு உண்டா?"

"என்ற அண்ணனுக்கு இருக்குதுங்க."

"அதற்கும் இதற்கும் பெரும்பாலும் ஒரே வேர்தான்."

அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். அதன் பிறகு பெரியப்பா என் ரத்தத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

"இந்தப் பெண்ணுக்கு ஓர் ஆறு மாதம் கல்யாணப் பேச்சே வேண்டாம். மனக்கவலை இருந்தால் புண் ஆறாது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்தார். நாங்கள் எழுந்தபோது கடைசியாக, "குழந்தைக்குக் கம்பு, சோளம் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை.

அன்று சாயங்காலமே தனித் தட்டு போயிற்று. சின்னச் சட்டியும் போயிற்று. அத்தை பழையபடி எனக்கு எண்ணெய் தடவினாள். வெளுக்கிற அக்கா எங்கள் துணிகளுக்கு மட்டும் நூலால் குறி போட ஆரம்பித்தாள். "நூலுக்குறி நெம்ப வேலைங்க" என்று அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, வழக்கமான கூலியைவிட ஒரு படி கம்பு அதிகமாக வாங்கிப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து அத்தைக்கு மேட்டுப்பாளையத்தில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பாக்கு மண்டியில் வேலை பார்த்தவர், அவளைவிட நாலு வயது மூத்தவர், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர். அந்தத் தடவை பூக் கேட்கவில்லை. சாமியை எத்தனை தடவைதான் தொந்தரவு செய்வது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எனக்குச் சம்பந்தம் பேச ஆரம்பித்த வருஷம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தலைமுடியை ஒதுக்கியபோது காதுக்குக் கீழே தழும்பு தெரிந்தது. வரிசையாக, ஒரே இடைவெளியில், மூன்று புள்ளி. எங்கள் வீட்டுக் குறி. என் கை அப்படியே நின்றுவிட்டது. கிணற்றடியும் முந்தானை முடிச்சும் டாக்டரம்மாவின் கேள்வியும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

"அத்தை, நோவலையா?"

அத்தை திரும்பாமலே சிரித்தாள். "நோவாம இருக்குமா? நெருப்பா எரிஞ்சுதாக்கும். என்ன பண்றது கண்ணு, நீ போயி வெள்ளப் பூவ எடுத்துப்போட்டயே!"

எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. அந்த ஒன்பது நாள் தனித் தட்டுக்காகக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அந்தத் தட்டில் தினமும் வந்து கைவைத்தவளும் இவள்தானே என்று நினைத்ததும் கோபம் போய்விட்டது. கண்ணில் நீர்தான் வந்தது. என்னால் வரவில்லை என்று அந்த வீட்டில் நிச்சயமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதைச் சொல்லவும் முடியாமல், என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாமல்தான் தினமும் வந்து இரண்டு வாய் தின்றிருக்கிறாள். அதெல்லாம் எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கு நெல்லுச்சோறு என்றால் இவ்வளவு ஆசையாயிற்றே, பாவம், அது தினமும் கிடைக்கிற ஊர் என்னால் கைநழுவிப் போகிறதே என்றுதான் அப்போது நினைத்தேன். நினைத்து, என் சோற்றை அவள் பக்கமாக ஒதுக்கி வைத்தேன்.