எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஒரு விமர்சகர்

கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது என்றதும், மூளையை ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். உள்ளே கட்டி கிட்டி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம். "மூளை இருக்கான்னு மொதல்ல தெரியட்டும் டாக்டர்" என்று சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் புனேயில் நாங்கள் குடியிருக்கும் சாங்வியிலிருந்து ஸ்கேன் சென்டர் வரும்வரை, ஆட்டோவில் என் வலது கால் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

பேய்ப் படம், விண்வெளிப் படம் இரண்டையும் ஒன்று விடாமல் பார்க்கிறவன் நான். வெளியே தைரியசாலி என்று பெயர். உண்மையில் எனக்குத் தெரிந்த ஒரே தைரியம், படம் முழுக்க வாய் ஓயாமல் கமெண்ட் அடிப்பது. புனே தியேட்டர்களில் இதற்காக மராத்தியிலும் இந்தியிலும் திட்டு வாங்கியிருக்கிறேன். என் மனைவி இரண்டு சீட் தள்ளித்தான் உட்காருவாள்.

டெக்னீஷியன் என் முகத்தின்மேல் கூண்டு போல ஒன்றை மாட்டினார். ரொம்ப பயமாக இருந்தால் அமுக்கச் சொல்லிக் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். "காகா, ஹில்னா நஹி." பெரியவரே, அசையக் கூடாது என்று இந்தியில் சொன்னார். படுக்கை உள்ளே நகர்ந்தது. மூக்குக்கு மேலேயே கூரை. தடதடவென்று யாரோ தகரத்தை அடிக்க ஆரம்பித்தார்கள்.

நானும் ஆரம்பித்துவிட்டேன்.

"பேய்னா நம்மூருப் பேய்தான். அதுக்கொரு நியாயம் இருக்கும், ஒரு ஃபிளாஷ்பேக் இருக்கும். பழி தீர்ந்தா போயிரும். இந்த வெளிநாட்டுப் பேய்கிட்ட என்னன்னு பேசறது? சும்மா இருக்கற வீட்டுல வந்து உக்காந்துக்குது. அப்பறம் இந்த விண்வெளிக் கப்பலு... கோடி மைல் தாண்டிப் போறான், வராந்தாவுல ஒரு ட்யூப்லைட்டு ஒழுங்கா எரியுதா?"

தகரச் சத்தம் நின்றது. "காகா! கிஸ்ஸே பாத் கர் ரஹே ஹோ?" யாரோடு பேசுகிறீர்கள் என்று ஸ்பீக்கரில் கேட்டார் டெக்னீஷியன். தாடை ஆடியதில் எடுத்ததெல்லாம் கலங்கிவிட்டதாம். வெளியே இழுத்துப்போட்டு, வாசலில் காத்திருந்த என் மனைவியைக் கூப்பிட்டார்.

"தியேட்டர்லதான் வாய மூட மாட்டீங்க, இங்கயுமாங்க?" என்றாள். "படம் தெளிவா வரலீன்னா டாக்டரு எதப் பாத்துச் சொல்லுவாரு?" என் வாட்சும் மோதிரமும் அவள் கையில் இருந்தன.

மறுபடி உள்ளே போனேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டேன். கமெண்ட் இல்லாவிட்டால் எல்லாப் படமும் பயமாகத்தான் இருக்கிறது. சினிமாவில் இப்படிக் குழாய்க்குள் படுத்தவன் நூறு வருஷம் கழித்து வேறு கிரகத்தில் கண் விழிப்பான். எனக்கு அதெல்லாம் வேண்டாம், மத்தியானச் சாப்பாட்டுக்கு விழித்தால் போதும். பந்தை அமுக்கப் போன விரலை எத்தனை முறை பிடித்து நிறுத்தினேனோ.

வெளியே வந்ததும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் முகத்தைத்தான் பார்த்தேன். சினிமாவில் ஸ்கேன் திரையை முதலில் பார்ப்பவன் வெளிறிப்போவான், உடனே இன்னொருவரைக் கூப்பிடுவான். இவர் திரையைப் பார்த்தபடியே வாய் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். "அப் டீக் ஹை, காகா." படம் இப்போது சரியாக வந்திருக்கிறது, ரிப்போர்ட் நாளைக்கு.

"என்ன சொன்னாருங்க?" என்றாள் மனைவி.

"கொட்டாவி விட்டாரு."

"அது நல்லதுங்களா?"

"கெட்ட சேதி தெரிஞ்சவன் கொட்டாவி விட்டு நான் எந்தப் படத்துலயும் பாத்ததில்ல."

"செரி, நாளைக்கு வரைக்கும் அதையே நம்பிக்கலாம்" என்று வாட்சை என் கையில் கட்டிவிட்டாள்.