மூன்று நிபுணர்கள், ஒரே பட்டியல்

எஸ்டேட் தொழிலாளர்கள் மருத்துவ முகாமுக்குப் பதிவு செய்யும் செயலி அது. பயன்படுத்த எளிதா என்று சோதிக்க வந்த நிபுணர்கள் நாங்கள் மூவர். ஏற்காட்டில் அறையெடுத்து, எழுத்து சிறிது, பொத்தான் மங்கல் என்று தனித்தனியே குறை எழுதினோம். மூன்று பட்டியலும் ஒத்துப்போயின. ஆய்வு துல்லியம் என்று கையெழுத்திட்டேன்.

குறைகளைத் திருத்திய பிறகு கொட்டச்சேட்டில் முகாம். காப்பி பறிக்கும் அக்கா ஒருவர் இருமிக்கொண்டே பதிவுக்குப் போன் எண்ணைச் சொன்னார். ‘இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் பதிந்துவிட்டார்’ என்றது திரை.

“எங்ககிட்ட ஏதுங்க போனு? எல்லாருமே எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர் நம்பரத்தானுங்க குடுப்போம். ஏனுங்க, எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதுங்களா?”

பதிவில்லாமல் டாக்டரைப் பார்க்க விடவில்லை. இருமியபடியே திரும்பி நடந்தார். என் மீதே ஆத்திரம் பொங்கியது. பட்டியல்கள் ஒத்துப்போனதில் என்ன அதிசயம்? எங்கள் மூவர் பையிலும் சொந்தப் போன் இருந்தது.