கார் ஷெட் கதவின் தொய்ந்த வயர்

கதவு விற்ற அண்ணாச்சி, நீர் பொய் சொல்லுகிறீர். என் வீட்டுக்காரர் அன்று குடித்திருக்கவில்லை. குடித்துவிட்டுக் கதவில் கைவைத்து அடிபட்டார் என்று கடைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னது நீர்தான். அந்தப் பேச்சு மீன்பிடித் துறைமுகம் வரை போய்விட்டது. விசைப்படகில் வலை இழுக்கிற விஞ்ச்சை ஓட்டுகிற மனுஷன் அவர். குடிகாரன் என்று பேர் வந்தால் எந்த முதலாளி அந்தக் கையை நம்புவான்? இன்றைக்கு அவர் விஞ்ச்சில் வேறொருவன் நிற்கிறான்.

அந்தக் கதவு எங்களுக்குத் தேவையே இல்லை. துபாயில் இருக்கிற என் தம்பி கட்டிய வீடு இது. குடியிருந்து பார்த்துக்கொள்வது நாங்கள். லீவில் வந்து பத்து நாள் ஓட்டுகிற காருக்கு, ரிமோட்டை அமுக்கினால் மடங்கி மேலே போகிற கதவு. தெருவெல்லாம் ஷட்டர் போட்டிருக்க, இவனுக்கு மட்டும் துபாய்க் கதவு. உப்புக் காற்றில் எங்கள் ஜன்னல் கம்பியே பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. "துருவே பிடிக்காது தங்கச்சி" என்று சொன்ன வாய் உம்முடையது. கதவைத் தூக்குகிற இரண்டு வயர்களில் ஒன்றை அடியில் துரு தின்று, அது பட்டென்று அறுந்தது.

போன் போட்டேன்.

"அது சின்ன வேலை தங்கச்சி. வீட்டுல ஆம்பள ஆளு இருக்காருல்லா? புது வயரு குடுத்து விடுதேன், வீடியோவும் அனுப்புதேன். அதப் பாத்து மாட்டச் சொல்லு."

"ஆள அனுப்ப முடியாதா அண்ணாச்சி?"

"இதுக்கு எதுக்கு ஆளு?"

வீடியோ வந்தது. பின்னால் பாட்டு வேறு. இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டு பேர், கதவுக்கு மேலே இருக்கிற இரும்புக் குழாயை ஒரு விரலால் சுற்றி, பழைய வயரைக் கழற்றிப் புது வயரை மாட்டிவிட்டுச் சிரித்தார்கள்.

"இம்புட்டுதானா? நம்ம விஞ்ச்சுல பாக்காத வயரா?" என்று இவர் ஏணியை எடுத்துவிட்டார்.

இவருக்கு ஒரு சட்டம் உண்டு. படகில் எல்லாருக்கும் அதே சட்டம்தான். வயர் விறைப்பாக இருந்தால் கிட்டே போகாதே. தொய்ந்தால் பாரம் இல்லை, கைவைக்கலாம். கடலில் அது சரி. கார் ஷெட்டில் எங்கே இருக்கிறது கடல்? அந்தக் குழாயில் என் முழங்கை மொத்தத்துக்கு ஒரு ஸ்பிரிங் கோத்திருக்கிறது. கதவின் பாரத்தைச் சுமப்பது அதுதான். கதவு மூடியிருக்கும்போதுதான் அது முழுசாக முறுக்கேறி நிற்கும்; அன்று கதவு மூடித்தான் கிடந்தது. இன்னொரு வயர் பிடித்திருக்கிறவரை, ஒரு வயர் அறுந்ததெல்லாம் அதற்குத் தெரியாது. இதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் அன்றே கேட்டேன்.

"ஏங்க, அந்த ஸ்பிரிங்கு எதுக்கு இருக்கு?"

"ஏளா, டார்ச்ச ஒழுங்காப் புடி. வயரு அந்து தொங்குது பாத்தியா? தொஞ்ச வயர்ல பாரம் ஏது?"

"கதவ ஏதோ ஒண்ணு தூக்கணும்லா?"

"மோட்டாரு தூக்கும். கரண்டுதான் புடுங்கியாச்சே. நீ என்ன எனக்கு விஞ்ச் படிச்சுத் தாரியா?"

வீடியோவில் விரலுக்குச் சுற்றிய குழாய் இவர் இரண்டு கைக்கும் அசையவில்லை. அங்கேயே இறங்கியிருக்க வேண்டும். எங்கே இறங்க? குழாயைப் பிடித்திருப்பது அதுதான் என்று நினைத்து, ஸ்பிரிங்கின் முனையில் இருந்த போல்ட்டில் ஸ்பானரைப் போட்டார். போல்ட் தளர்ந்ததும் ஸ்பிரிங் மொத்தமும் ஒரே உதறாக உதறியது. ஸ்பானர் பறந்து கார் கண்ணாடியில் விழுந்தது. இவர் தரையில் கிடந்தார். வலது கையில் இரண்டு விரல் முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதும் டாக்டரிடம் அதையேதான் சொன்னார்: "வயரு தொஞ்சுதான் சார் இருந்துச்சு."

பிறகு திருநெல்வேலியிலிருந்து வேறு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். கரண்டை நிறுத்தினார்கள். கதவு எழும்பாதபடி அது ஓடுகிற தண்டவாளத்தில் இறுக்கிப் பூட்டுப் போட்டார்கள். ஸ்பிரிங் முனையில் இருந்த துளையில் ஒரு கம்பியைச் செருகிப் பாரத்தை அதில் தாங்கிக்கொண்டுதான் போல்ட்டைத் தளர்த்தினார்கள். இன்னொரு கம்பியை அடுத்த துளையில் செருகி, மாற்றி மாற்றிப் பிடித்து, முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். அது முழுசாக அடங்கிய பிறகே வயரைத் தொட்டார்கள். இரண்டு பக்கமும் புதுசு போட்டார்கள்.

"இத வீட்டு ஆளுங்க தொடவே கூடாதும்மா" என்றார் ஒருவர்.

முறுக்கு இறங்கியதும் குழாய் ஒரு விரலுக்குச் சுற்றியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உம்முடைய வீடியோ ஸ்பிரிங்கை இறக்கின பிறகு ஆரம்பிக்கிறது.

விரல் கூடிவிட்டது. விஞ்ச் ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். படகு முதலாளி கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "கை சரியாச்சு. குடிய விட்டாச்சால?" என்னிடம் அத்தனை வாய் பேசுகிற மனுஷன், அங்கே ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிட்டார்.

அதனால் நான் பேசுகிறேன். பேச்சு எங்கே போய்ச் சேர்ந்ததோ அங்கேயே வாரும். படகுகள் திரும்பி மீன் ஏலம் நடக்கிற நேரத்துக்கு வாரும். முதலாளியும் அங்கேதான் இருப்பார். உம்முடைய வீடியோவை நானே போட்டுக் காட்டுகிறேன். ஸ்பிரிங்கை இறக்குகிற பகுதி எங்கே போயிற்று? என் வீட்டுக்காரர் குடித்திருந்ததை நீர் எந்தக் கண்ணால் பார்த்தீர்? அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லும்.