பெரியப்பா நட்ட காடு

போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து காட்டுவழியாக நடந்தே வந்தவர்கள் என் பெரியப்பாவும் பெரியம்மாவும். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த மணல் மனையைப் பெரியப்பா வாங்கினார். எல்லோரும் தென்னை வைக்கச் சொன்னார்கள். அவரோ உப்புக்காற்றுக்குத் தடுப்பாகக் கடல் பக்கம் புன்னையும் பூவரசும் நட்டார். அவை வளர்ந்ததும் உள்ளே மாவும் கொய்யாவும், அந்த நிழலில் வாழையும் சேனையும் மஞ்சளும் வைத்தார். கொடிகளை வெட்டவில்லை. சருகைப் பெருக்கவும் விடவில்லை.

“இன்னா நைனா, தோட்டம் போடுறியா, காடு வளக்குறியா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார்.

“வரிசையா நட்டா தோப்பு. எனக்குக் காடுதான் வோணும்” என்றார் பெரியப்பா.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதற்குள் காடு மூடிக்கொண்டது. நடுப்பகலிலும் உள்ளே விளக்கு வைக்கும் நேரம் போலிருக்கும். மதில் தாண்டினால் தொழிற்சாலை. ஆனால் அதன் சங்கு எங்கோ கடலுக்கு அப்பால் ஊதுவதுபோல் கேட்கும். பிள்ளைகள் யாரும் உள்ளே போகமாட்டோம்.

ஒரு மத்தியானம் எங்கள் கோழி உள்ளே ஓட, நானும் பின்னால் ஓடினேன். கோழி கிடைக்கவில்லை. திரும்பினால் வந்த வழியும் தெரியவில்லை. சின்ன மனைதான், எந்தப் பக்கம் பார்த்தாலும் இலைதான். ஒரு பூவரச மரத்தடியில் நின்றுவிட்டேன்.

அப்போது பெரியப்பாவின் குரல் கேட்டது. “கண்ணு, எங்க கீறே?”

“இங்க!” என்றேன்.

குரல் சட்டென்று நின்றது. பிறகு சருகு நொறுங்க, வாழையிலைகளை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தார்.

“இம்மாம் நேரமும் இங்கியேவா நின்னுகினு இருந்தே? வா, அம்மா காத்துகினு கீறா.”

கையை நீட்டினார். நான் பிடிக்கப் போவதற்குள் அந்தக் கை, எதையோ பிடித்ததுபோல மூடிக்கொண்டது. அப்படியே மெல்ல, சின்னக் கால்களுக்கு ஏற்ப நடப்பவர்போல நடந்தார். நான் பின்னால் போனேன்.

வெளியே நின்ற பெரியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், மூடிய கையைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வழிவிட்டாள்.

பர்மாவிலிருந்து நடந்தபோது அவர்களுக்கு ஒரு மகள் இருந்ததும், நடந்து களைத்துப்போன அவளை ஒரு மரத்தடியில் நிற்கவைத்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போனவர்கள் அந்த மரத்தைத் திரும்பக் கண்டுபிடிக்காததும், பெரியப்பா போன பிறகுதான் அம்மா வாயால் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான். பதில் சொன்னது நான். பெரியப்பா என் கையைப் பிடிக்கவில்லையே.